விளக்கு எரிந்தால் எடுக்கக் கூடாது

அந்தச் சலவைக்கடைக்கு நம்பர் ஒன்றுதான். போன்தான் மூன்று.

கம்பியில் வந்துகொண்டிருந்த பழைய போனை எடுத்துவிடப் போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னபோது பெரியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியவர் என்றால் கடையைத் தொடங்கியவர். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அந்த நம்பரைச் சுவரில் எழுதி வைத்திருந்த வீடுகள் உண்டு. நம்பர் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

லைன் போட வந்தவர்தான் சமாதானம் சொன்னார். “நம்பர் எங்கேயும் போகாது ஐயா. இனிமே இன்டர்நெட்ல வரும், அவ்வளவுதான். இன்னொண்ணும் சொல்றேன். இதே நம்பரை எத்தனை போன்ல வேணும்னாலும் வச்சுக்கலாம். ஒரே வீட்ல இருக்கணும்னுகூட இல்ல. உங்க வீட்ல ஒண்ணு, கடையில ஒண்ணு, மக வீட்ல ஒண்ணு. அடிச்சா மூணு இடத்துலயும் அடிக்கும்.”

“ஒருத்தர் பேசிட்டிருந்தா?”

“மத்த ரெண்டுலயும் விளக்கு எரியும். லைன் பிஸின்னு அர்த்தம். அப்பவும் நீங்க ரிசீவரை எடுத்தா பேச்சுல சேர்ந்துக்கலாம். ஒரே வீட்ல கூடத்துல ஒரு போன், சமையக்கட்டுல ஒரு போன் இருந்தா எப்படியோ அப்படி.”

இந்தக் கடைசி வார்த்தை பெரியவருக்குப் பிடித்துப்போயிற்று. மனைவி போன பிறகு அவர் பழைய வீட்டில் தனியாக இருந்தார். மகன் கடையின் மாடியில் குடும்பம் நடத்தினான். மகள் ஊரின் மறுகோடியில், அடுக்குமாடி வீடு ஒன்றில். மூன்று வீட்டையும் ஒரே வீடாக்க ஒரு வழி கிடைத்ததே என்று அந்த ஆளுக்கு இரண்டு சட்டை இலவசமாக வெளுத்துக் கொடுத்தார்.

முழங்கால் மடங்காமல் போனதிலிருந்து பெரியவர் கடைக்கு வருவதில்லை. போன் எடுப்பதுதான் அவர் வேலை. அதை வேலை என்று சொன்னால் போதாது. “யார் பேசறது?” என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஹலோ என்ற சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டு, “என்னம்மா, பையன் சட்டையில மறுபடியும் மையா?” என்பார். யாருடைய துணிக்கு என்ன குறி, யாருக்குக் கஞ்சி மொடமொடவென்று நிற்க வேண்டும், யாருக்குக் கஞ்சியே ஆகாது, எல்லாம் மனப்பாடம். போன் அடித்தால் முதலில் அவர் எடுக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால்தான் கடை. கடையும் எடுக்காவிட்டால்தான் மகள் வீடு. இது யாரும் எழுதி வைக்காத வரிசை.

மகளைச் சின்னவள் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். கடைக்கு வரும் துணியில் பொத்தான் விட்டது, தையல் பிரிந்தது, ஓரம் கிழிந்தது எல்லாம் மூட்டையாக அவள் வீட்டுக்குத்தான் போகும். கடை வண்டி காலையில் இறக்கிவிட்டுப் போகும், மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளும். புருஷன் பஸ் டிரைவர். அவன் வீட்டில் இருக்கும் நேரத்தைவிட ஸ்டியரிங் பிடித்திருக்கும் நேரம்தான் அதிகம். ஆகவே தையல் மிஷின், போன், அப்பாவின் குரல், இவைதான் அவளுக்குத் துணை. சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் அப்பாவும் மகளும் பேசுவார்கள். என்ன பேசினோம் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட பேச்சு.

அந்தப் பேச்சில்தான் வந்தது வினை.

ஒருநாள் சின்னவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “அண்ணி அனுப்பற சாப்பாடு ஒத்துக்கலன்னா வாயைத் திறந்து சொல்லுங்கப்பா. அவங்க கை உப்புக் கை. மனசும் அப்படித்தான், தொட்டா எரியும்.”

பெரியவர் பதில் சொல்வதற்குள் லைனில் இன்னொரு குரல் வந்தது. “அப்படின்னா நாளையிலிருந்து நீயே உப்பு பாத்துப் போட்டு அனுப்பு.” டொக்கென்று வைக்கும் சத்தம்.

அண்ணி யாருக்கோ போன் செய்ய ரிசீவரை எடுத்திருக்கிறாள். எடுத்தவள் வைத்திருக்கலாம், கேட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். ஒட்டுக் கேட்டது தப்பு என்றாள் சின்னவள். கடை லைனில் புறம் பேசியது தப்பு என்றாள் அண்ணி. அண்ணன் வழக்கம்போல இருவர் பக்கமும் தலையை ஆட்டிவிட்டு மிஷினுக்குள் துணியைத் திணிக்கப் போய்விட்டான். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பேச்சு நின்றது.

“எங்கப்பாகிட்ட நிம்மதியா நாலு வார்த்தை பேசறதுக்கு எனக்கு வழி பண்ணிக் குடுங்க” என்று சின்னவள் அழுதாள். அவள் அழுததற்காகப் பெரியவர் ஒரு சட்டம் போட்டார். விளக்கு எரிந்தால் யாரும் ரிசீவரைத் தொடக் கூடாது. யார் பேசினாலும் சரி, எவ்வளவு நேரம் பேசினாலும் சரி. சட்டத்தை எல்லோரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அவர்தான். தன் வீட்டு போனில் விளக்கு எரிந்தால் எழுந்து அடுத்த அறைக்கே போய்விடுவார்.

சண்டை ஓய்ந்தது. ஆனால் எல்லோருக்கும் விளக்கைப் பார்ப்பது ஒரு வேலையாகப் போயிற்று. விளக்கு எரிந்தால், அங்கே என்னைப் பற்றித்தான் பேச்சு என்று அண்ணி இங்கே பல்லைக் கடிப்பாள். அண்ணி தன் அம்மாவோடு ஊர்க்கதை பேசிக் கடை லைனை மறித்துக்கொண்டிருக்கிறாள் என்று சின்னவள் அங்கே முணுமுணுப்பாள். கடுகளவு விளக்கு. அது எரிந்தால் இரண்டு வீட்டில் வயிறும் எரியும்.

அந்த வாரம் முழுக்க மழை. சலவைத் தொழிலுக்கு மழையைவிடப் பெரிய எதிரி கிடையாது. கொடியில் போட்ட துணி போட்டபடியே நனைந்து கிடக்கும். உள்ளே இழுத்துக் கட்டினால் ஒரு வாடை ஏறிவிடும், அப்புறம் திரும்ப அலச வேண்டும். கடையில் உலர்த்தும் மிஷின் ஒன்றே ஒன்று. ஓட்டலில் ஏதோ பெரிய கூட்டம் என்று மலை மலையாக விரிப்புகள் வந்திருந்தன. அண்ணன் மாடிப்படி, பெஞ்சு, கதவு என்று கிடைத்த இடத்திலெல்லாம் கயிறு கட்டியிருந்தான். ஒருநாள் மத்தியானம் வண்டிக்காரர் பெரியவர் வீட்டில் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்துவிட்டு வந்தார். “ஐயா நல்லாத்தான் இருக்காரு. ஓட்டல் துணி காஞ்சுதான்னு கேட்டாரு” என்றார். அன்று அதற்குப் பிறகு அங்கே யாரும் போகவில்லை.

சின்னவள் வீட்டிலும் நாற்காலி முதுகெல்லாம் தலையணை உறைகள் தொங்கின. மூட்டையில் நடுப்பகுதி நைந்துபோன விரிப்புகள் சில வந்திருந்தன. நைந்த விரிப்பை வெட்டி, ஓரத்து நல்ல துணியில் தலையணை உறை தைப்பது வழக்கம். ஆனால் ஓட்டல்காரரைக் கேட்காமல் கத்தரி வைக்க முடியாது. அப்பாவைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சரி, பேசட்டும் என்று பொத்தான் வைக்க உட்கார்ந்தாள். ஒரு சட்டை முடித்தாள். இன்னொன்று முடித்தாள். திரும்பிப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது.

அப்பா யாரிடமும் இவ்வளவு நேரம் பேசுகிறவரில்லை, தன்னிடம் தவிர. ஆகவே அண்ணிதான். ஓட்டல் துணி தலைக்கு மேல் கிடக்கிறது, இவளுக்கு அம்மாவோடு அரட்டை. அண்ணனுக்கு வாயில்லை. சின்னவள் மிஷினை வேகமாக மிதித்தாள், நூல் அறுந்தது. கோர்த்தாள், மறுபடியும் அறுந்தது. செல்போன் இல்லாமல் இல்லை. ஆனால் அண்ணன் செல்போனைக் கல்லா மேசையில்தான் வைத்திருப்பான். அடித்தால் அண்ணிதான் எடுப்பாள். அவளிடம் நானாகப் போய்ப் பேசுவதா?

கடைசியில் எரிச்சல் தாளாமல், தைத்து முடித்த ஒரு தலையணை உறையை எடுத்து போன்மேல் வீசினாள். போன் மூடிக்கொண்டது. விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் அவளுக்கு வேலை ஓடியது. இதை அவள் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துக்கொண்டாள் என்பதை அவளைத் தவிர யாரும் அறியமாட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் செல்போன் அடித்தது. அண்ணன்.

“பேசினது போதும், போனை வை. ஓட்டல் மேனேஜர் குடையைப் பிடிச்சிட்டு இங்கயே வந்துட்டாரு. மத்தியானத்துலேந்து லைனே கெடைக்கலையாம். இன்னும் நாலு மூட்டை இருக்குன்னு சொல்லக்கூட முடியலன்னு கத்தறாரு.”

“நான் எங்க பேசினேன்?” சின்னவளுக்குச் சுருக்கென்றது. “உன் பொண்டாட்டியைக் கேளு. அவங்க அம்மாகிட்ட இன்னும் என்ன கதை பாக்கின்னு கேளு.”

“அவ என் எதிர்ல இஸ்திரி போட்டுட்டிருக்கா. மத்தியானத்துலேந்து நகரல.”

நீராவி இஸ்திரி புஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம் செல்போனில் கேட்டது.

“நீ பேசலியா?” என்று அண்ணன் மறுபடியும் கேட்டான், இந்தத் தடவை வேறு குரலில்.

“இல்லண்ணா.”

யாரோ ஓடும் சத்தம், ஷட்டர் தடதடக்கும் சத்தம். சின்னவள் தலையணை உறையை இழுத்தாள். விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. சட்டம் போட்ட நாளிலிருந்து எரியும் விளக்கில் அவள் ரிசீவரைத் தொட்டதில்லை. இப்போது எடுத்தாள்.

முதலில் மழைதான் கேட்டது. அப்பா வீட்டுப் பின்பக்கத் தகரத்தில் விழும் மழை, அவள் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். மூச்சு. இழுத்து, நின்று, மறுபடியும் இழுக்கிற மூச்சு.

“அப்பா?”

மூச்சு சற்று நின்றது. பிறகு ஒரு முனகல். அதில் சொல் எதுவும் இல்லை. சொல்லாக மாறப் பார்த்து முடியாமல் போன சத்தம். சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, நான்தாம்ப்பா. கேக்குதா? அண்ணன் வந்துட்டிருக்கான். இதோ வந்துருவான். நான் போனை வைக்கல, வைக்கவே மாட்டேன். நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன். ஓட்டல் விரிப்பு நைஞ்சது வந்திருக்கு. வெட்டலாமான்னு உங்களைக் கேக்கலாம்னுதான் இருந்தேன். லைன் பிஸியா இருந்துது.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே முனகல் வந்ததும் கையை எடுத்துவிட்டு மறுபடி பேசினாள். பொத்தானைப் பற்றி, மழையைப் பற்றி, புருஷனின் பஸ் பழுதாகி நின்றதைப் பற்றி. வழக்கமாகச் சாயங்காலம் பேசுவதையெல்லாம் பேசினாள். அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசினாள்.

கதவை இடிக்கும் சத்தம் போனில் கேட்டது. தாழ்ப்பாள் தெறித்தது. “அப்பா” என்று அண்ணனின் குரல். அதற்குப் பின்னாலேயே அண்ணியின் குரல், மூச்சு வாங்க. “தூக்காதீங்க, தலையைப் பிடிங்க. மாமா, இங்க பாருங்க, நான் யாருன்னு தெரியுதா? ஐயோ, எவ்வளவு நேரமா இந்தத் தரையில கெடந்தீங்க?”

சின்னவள் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சு. அண்ணன் டாக்டரோடு உள்ளே போயிருந்தான். சின்னவள் நனைந்த முந்தானையோடு ஒரு ஓரத்திலும் அண்ணி ஈரச் செருப்போடு மறு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். “ரிசீவரைக் கையில பிடிச்சபடியே கெடந்தாரு. விரலைப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு.”

சின்னவள் முந்தானையைப் பிழிந்தாள்.

“யாரையோ கூப்பிடணும்னு எடுத்திருக்காரு. நம்பர் அழுத்தறதுக்குள்ள விழுந்துட்டாரு. எடுத்து வச்சுக்கிட்டா போதும், விளக்கு எரியும், யாராவது எடுப்பாங்கன்னு இருந்திருப்பாரு.”

“அவருதான எடுக்கக் கூடாதுன்னாரு” என்றாள் சின்னவள். “நான் கேட்டு, எனக்காகச் சொன்னாரு.”

“நானும் விளக்கைப் பாத்தேன். கல்லா பக்கம் போறப்ப, வர்றப்ப எல்லாம் பாத்தேன்.” அண்ணி தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். நீராவி பட்டுத் தோல் உரிந்த கை. “நீ அவருகிட்ட என்னைப் பத்திக் கோள் மூட்டுறேன்னு நெனச்சேன். மூட்டட்டும், எவ்வளவு நேரம்தான் மூட்டுவான்னு பாக்கறேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டே இஸ்திரி போட்டேன்.”

“நீங்க உங்க அம்மாகிட்ட பேசறீங்கன்னு நெனச்சேன்.”

“எங்கம்மாவுக்குக் காது கேக்காம ஒரு வருஷமாச்சு. போன்ல பேசறதே இல்ல.”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியிருந்த அத்தனை நாளும் அவள் அண்ணியோடு பேசவில்லை.

“நான் தலையணை உறையைப் போட்டு விளக்கை மூடினேன் அண்ணி” என்றாள். சொன்னதும் உடைந்துவிட்டாள். அண்ணி நகர்ந்து அருகில் வரவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. மடியில் இருந்த ஒரு சலவைத் துண்டை எடுத்து நடுவில் இருந்த இடத்தில் வைத்தாள். சின்னவள் அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் பிழைத்தார். வலது கை பிழைக்கவில்லை, பேச்சும் பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் அவருக்குப் புரிந்தது. ஆளைத் தெரிந்தது. சொல்தான் வரவில்லை. கடை மாடிக்கு வந்துவிடுங்கள் என்று அண்ணன் கெஞ்சினான். என் வீட்டுக்கு வாங்கப்பா என்று சின்னவள் கெஞ்சினாள். இரண்டுக்கும் ஒரே தலையாட்டல்தான். மாட்டேன். தன் வீடு, தன் கட்டில், தன் போன். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை அமர்த்தினார்கள். அண்ணன் ராத்திரி அங்கேயே போய்ப் படுத்தான்.

போனை எடுத்துவிடலாமா என்று அண்ணன் ஒரு பேச்சுக்குக் கேட்டான். அடித்தால் எடுக்க முடியாதவர் பக்கத்தில் போன் எதற்கு, பார்த்துப் பார்த்து வேதனைப்படுவாரே என்பது அவன் எண்ணம். பெரியவர் இடது கையால் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது. அடித்தால் அவர் எடுப்பதில்லை. விரலை மட்டும் மெல்ல அதன்மேல் வைத்துக்கொள்வாராம், அந்த அம்மாள் சொன்னாள். கடைக்குக் கூப்பிடுகிற வாடிக்கைக்காரர்கள், “ஐயா இல்லையா?” என்று கேட்டார்கள். அண்ணி எடுத்தால், “யாரு பேசறீங்க?” என்று கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவள் குரல் இறங்கிவிடும்.

மழை விட்டு, கொடியில் துணி காயத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம். சின்னவள் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவோடு பேசும் நேரம். அந்த நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல்தான் தினமும் மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். அந்த மிஷின் தன் ஆயுளில் அவ்வளவு எண்ணெய் குடித்ததில்லை.

விளக்கு எரிந்தது.

எண்ணெய்க் கையோடு ஓடி ரிசீவரை எடுத்தாள். “அப்பா? அப்பா, என்னாச்சு?”

மூச்சு. ஆனால் இழுத்து வாங்குகிற மூச்சு அல்ல. சாப்பிட்டுச் சாய்ந்திருக்கிறவரின் மூச்சு. தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு ம். அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வழக்கமான நேரத்துக்கு மகளோடு பேச எடுத்திருக்கிறார்.

சின்னவள் என்ன பேசுவது என்று தடுமாறினாள். அப்பா சொல்ல, தான் பதில் சொல்லிப் பழகிய பேச்சு அது. ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? அப்போதுதான் லைனில் இன்னொரு சத்தம் இருப்பது தெரிந்தது. நீராவி இஸ்திரி புஸ்ஸென்றது.

“அண்ணி? நீங்களும் எடுத்துட்டீங்களா?”

“விளக்கு எரிஞ்சுது. எடுக்காம எப்படி இருப்பேன்?” பதற்றம் இன்னும் அடங்காத குரல். “மாமா நல்லாத்தான இருக்காரு?”

“நல்லாத்தான் இருக்காரு. சும்மா எடுத்திருக்காரு.”

“சரி. அப்ப நான் வச்சுடறேன். நீங்க பேசுங்க.”

“வைக்காதீங்க” என்றாள் சின்னவள்.

வைக்கும் சத்தம் வரவில்லை. மூன்று வீட்டிலும் ரிசீவர் காதில் இருந்தது.

பிறகு அண்ணி மெதுவாக ஆரம்பித்தாள். “மத்தியானம் மாமாவுக்கு சூப் குடுத்தனுப்பினேன். டாக்டர் சொன்னாருன்னு உப்பே போடல. பாதியை அப்படியே வச்சுட்டாராம். மூஞ்சியைச் சுளிச்சாராம்.”

சின்னவள் கண்ணைத் துடைத்தாள், எண்ணெய் முகமெல்லாம் ஆயிற்று. “உங்க கை உப்புக்குப் பழகின நாக்கு அண்ணி. சப்புன்னு குடுத்தா எப்படி எறங்கும்?”

பெரியவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று இரண்டு பெண்களுக்கும் தெரியவில்லை. இருவரும் அதைச் சிரிப்பு என்றே வைத்துக்கொண்டார்கள்.

“அந்த நைஞ்ச விரிப்பு அப்படியே கெடக்கே, மேனேஜரைக் கேட்டியா?” என்றாள் அண்ணி.

“கேக்கல. வெட்டலாமாப்பா?”

ம், என்றார் பெரியவர்.

சின்னவள் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு விரிப்பை மடியில் விரித்தாள், கத்தரியை எடுத்தாள். அண்ணி அந்தப் பக்கம் ஒரு சட்டையைத் திருப்பிப் போட்டாள். அந்த நேரத்தில் துணி போட யாராவது கடைக்குக் கூப்பிட்டிருந்தால் லைன் கிடைத்திருக்காது.